காலிமுகத்திடல் கூடாரங்களின் அன்றாடமும் அதைப் படம்பிடித்த கமராக்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் 9 ஆம் திகதி, சனிக்கிழமை, கொழும்பு காலிமுகத்திடலில் திரண்ட பல்லாயிரம் பேரில் ஒரு பகுதியினர் அன்றிரவு மழையையும் பொருட்படுத்தாமல் ஜனாதிபதி செயலகத்துக்கு எதிரே தங்கிவிட்டனர். அடுத்தடுத்த நாட்களில் கூடாரங்கள் பெருகின. சமையலறை, நூலகம், முதலுதவி நிலையம், சட்ட உதவிக் கூடம், கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்றும் இடம் என ஒரு குடியிருப்பே எழுந்து, ‘கோட்டா கோ கம’ (‘கோட்டா போ’ ஊர்; ‘கம’ என்றால் சிங்களத்தில் ஊர்) என்ற பெயர்ப்பலகையோடு கூகுள் வரைபடத்திலும் இடம்பிடித்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலகவேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு அமைந்த அந்த ஊர், அவர் நாட்டைவிட்டு ஓடிய பின்னரும் நின்று, ஓகஸ்ட் 10 ஆம் திகதி எஞ்சியிருந்தோர் வெளியேறுவதாக அறிவித்தபோது முடிவுக்கு வந்தது.

அந்த நான்கு மாதங்களின் அரசியல் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு பின்தொடர்வது அதிலுள்ள ஒரு மெல்லிய இழையை மட்டுமே: அந்த ஊரில் மக்கள் உறங்கியதையும் சமைத்ததையும் வாசித்ததையும் குப்பை பொறுக்கியதையும் படம்பிடித்தவர்கள் எந்த நிலைமைகளுக்குள் வேலை செய்தார்கள், அத்தகைய படங்கள் பின்னர் யார் கையில் என்னவாக மாறின என்பதே அது. ஊர்வலத்தையும் கண்ணீர்ப்புகையையும் காட்டும் படத்தைவிட, ஒருவர் அரிசி களைவதைக் காட்டும் படம் ஒரு போராட்ட முகாமைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். கூட்டப் படத்தில் தலைகள் தெரியும். அன்றாடப் படத்தில் ஒரு மனிதர், அவருடைய முகம், அவர் படுத்த இடம், அவரோடு இருந்தவர் எல்லாம் தெரியும். அந்தப் படத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் அதிலிருப்பவருக்கான ஆபத்தும் வருகிறது.

இடம்

காலிமுகத்திடல் மேற்கே கடலை வைத்துக்கொண்டு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் புல்வெளி. தெற்கு முனையில் 1864 இல் தொடங்கப்பட்ட ஹோட்டல். வடக்கு முனையில் 1930 இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம். பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்கு இடம்பெயர்ந்த பின்னர் அந்தக் கட்டடமே ஜனாதிபதி செயலகமாயிற்று. அதனருகே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் சிலை நிற்கிறது. போராட்டக்காரர்கள் அச்சிலையின் கண்களைத் துணியால் கட்டிவிட்ட படம் ஏப்ரல் மாதத்தில் பரவலாகப் பகிரப்பட்டது.

அந்தப் படத்தைத் தமிழ் வாசகர் ஒருவர் பார்க்கும் விதம் வேறு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் விவாதத்துக்கு வந்த 1956 ஜூன் 5 அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தது இதே திடலில்தான். கும்பல் வந்து அவர்களை அடித்து விரட்டியதும் இதே கட்டடத்தின் கண்முன்னேதான். அன்றைய பிரதமர் அச்சிலைக்கு உரியவர்தான். 2022 இல் அங்கே கூடாரம் போட்ட இளைஞர் பலருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களைப் படம்பிடிக்கப் போனவர் அதைத் தெரிந்துகொண்டு போயிருந்தால், சட்டகத்தின் மூலையில் வந்து விழும் கட்டடமும் சிலையும் வெறும் பின்னணியாக இருந்திருக்காது.

கூடாரங்கள் எழுந்ததற்கான காரணம் நாடறிந்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றிப்போய், எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள்; மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது; மார்ச் 31 ஆம் திகதி இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் சொந்த வீட்டைச் சுற்றி மக்கள் கூடினார்கள்; ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒளிப்படத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு திருப்பம் உண்டு. அதுவரை நெருக்கடியின் முகமாக உலகம் பார்த்தது வரிசைகளை. வெற்றுச் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர் யாரும் கமராவை விரும்புவதில்லை. காலிமுகத்திடலில் அதே மக்கள் கொடுப்பவர்களாக, பரிமாறுபவர்களாக, ஓர் ஒழுங்கை உண்டாக்கியவர்களாகத் தோன்றினார்கள். கமராவுக்குத் தாமாகவே இடம்விட்டார்கள்.

கூடாரத்துக்குள்

ஏசோசியேட்டட் பிரஸ்ஸின் எரங்க ஜயவர்தன, ஏஎப்பியின் இஷார கொடிகார, ரொய்ட்டர்ஸின் தினுக லியனவத்த போன்ற இலங்கை ஒளிப்படக் கலைஞர்கள் அக்காலத்தில் உலக ஊடகங்களுக்குப் படம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். வெளிநாட்டிலிருந்து சில நாட்களுக்கு வந்துபோனவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உள்ளூரில் இருந்தவர்களுக்கு இருந்தது: நாளைக்கும் போகலாம். அன்றாடம் என்பது திரும்பத் திரும்ப நிகழ்வது என்பதால், அதைப் படம்பிடிப்பவரும் திரும்பத் திரும்பப் போகத்தான் வேண்டும். முதல்நாள் கமராவைக் கண்டதும் கையை உயர்த்திக் கோஷமிட்டவர் ஐந்தாம் நாள் நிமிர்ந்தும் பாராமல் வெங்காயம் உரிப்பார். அந்த ஐந்தாம் நாளுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். ஆனால் செய்தி நிறுவனத்தின் அன்றாடக் கெடு இதற்கு ஒத்துவருவதில்லை. இன்று என்ன நடந்தது என்ற கேள்விக்கு விடை சொல்லாத படம் அங்கே பின்வரிசைக்குத் தள்ளப்படும்.

ஒளியைப் பற்றியும் சொல்லவேண்டும். திடலில் நிழல்தரும் மரம் என்று சொல்ல அதிகமில்லை. நடுப்பகல் வெயிலில் முகத்தின் கண்குழிகள் கறுத்துப்போகும். தறப்பாளுக்குள் புகுந்தால் நீலத் தறப்பாள் எல்லாரையும் நீலமாக்கும், செம்மஞ்சள் தறப்பாள் எல்லாரையும் மஞ்சள்காமாலைக்காரர் ஆக்கும். கணினியில் அதைத் திருத்தித் தோலின் இயல்பான நிறத்துக்குக் கொண்டுவருவது எளிது. திருத்தாமல் விடுவதே சரி என்பது என் கருத்து. அந்த நிறம் அங்கே வாழ்ந்தவர்கள் நாள்முழுக்க இருந்த நிறம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு கடல்பக்கமிருந்து சாயும் வெயில் எவருடைய படத்தையும் அழகாக்கியது. தேசியக் கொடியேந்திய உருவம் பொன்னிற வானத்தின்முன் நிழலாக நிற்கும் படத்தை எடுக்காதவர் இல்லை. அக்களத்திலிருந்து வந்தவற்றுள் மிக அழகானவையும் மிகக் குறைவாகச் சொல்பவையும் அந்தப் படங்களே.

அன்றாடம் உண்மையில் விடியற்காலையில் இருந்தது. இரவுக் கூட்டம் கலைந்து, தங்கியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் நேரம் அது. குடிநீர்ப் போத்தல்களைச் சாக்கில் சேர்ப்பவர், கழிப்பறைக்கு முன் பற்பசையோடு நிற்பவர், தலைக்குக் கீழே செருப்பை வைத்து உறங்குபவர் என்று அந்த ஊரின் குடிமக்கள் அப்போதுதான் தனியாகத் தெரிவார்கள். வெளியுலகத்தில் புழங்கிய படங்களில் மாலையும் இரவும் மிகுந்து காலை குறைந்திருப்பது கவனிக்கத்தக்கது. மாலையில் வேலைமுடிந்து வரும் கொழும்பு நடுத்தர வர்க்கமும், காலையில் அங்கேயே கண்விழிக்கும் பல்கலைக்கழக மாணவரும் தூர மாவட்டத்திலிருந்து வந்த தொழிலாளரும் ஒரே ஆட்கள் அல்லர். மாலைப் படங்களை மட்டும் பார்த்தவருக்கு இந்த வர்க்க வேறுபாடு பிடிபட்டிருக்காது.

வில்லையின் தேர்வும் இதனோடு தொடர்புடையது. தொலைவில் நின்று நீண்ட வில்லையால் உறங்கும் மனிதரை எடுத்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. 28 அல்லது 35 மில்லிமீற்றர் வில்லையோடு போனால் கூடாரத்தின் வாசலில் குனிந்து, செருப்புகளைத் தாண்டி உள்ளே போகவேண்டும். உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்த மறுப்புக்கு இடம் வைத்து எடுத்த படங்களில் ஒருவித நிதானம் இருக்கும். பார்த்தவுடனே அது தெரியும்.

தொழில்முறைக் கமராக்களைவிடப் பெரிய ஆவணம் தங்கியிருந்தவர்களின் கைத்தொலைபேசிகளில் சேர்ந்தது. நேரலைகள், ஒருவரையொருவர் எடுத்த படங்கள், நூலகத்துக்குப் புத்தகம் வந்த காட்சி, திரைப்படம் காட்டிய ‘கண்ணீர்ப்புகை’க் கூடாரம், பார்வையாளர்களுக்குச் சட்டமும் வரலாறும் சொன்ன திறந்தவெளி வகுப்புகள் எல்லாம் அவற்றில் உண்டு. அவை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. யாருடைய அனுமதியையும் கேட்கவும் இல்லை.

பண்டிகைகளும் அவற்றின் மறுபக்கமும்

2022 இல் நோன்பு மாதமும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே காலத்தில் வந்தன. திடலில் முஸ்லிம்கள் நோன்பு துறந்தபோது மற்றவர்கள் கஞ்சியும் பேரீச்சம்பழமும் பகிர்ந்தார்கள். ஏப்ரல் 14 ஆம் திகதி பாற்சோறு பொங்கியது. பிக்குகளும் அருட்சகோதரிகளும் மௌலவிகளும் ஒரே சட்டகத்தில் நின்றார்கள். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ சுதந்திர தின விழாவில் ஒலிக்காத தமிழ்ப் பாடல் அங்கே ஒலித்தது சிறிய விஷயமல்ல. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட சமூகம் ஒன்று தலைநகரின் நடுவில் தொழுது உணவருந்தியதைக் காட்டும் படங்களுக்கு வரலாற்றுப் பெறுமதி உண்டு.

ஆயினும் ஒரு படம் உண்மையாக இருப்பதும் அது முழு உண்மையாக வாசிக்கப்படுவதும் வெவ்வேறு. ஒற்றுமைக் காட்சிகள் பகிரப்பட்ட வேகத்தில், வடக்குக் கிழக்குத் தமிழர்களில் பெரும்பாலோர் அப்போராட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அடிபட்டுப்போனது. வராமல் இருந்தவர்களைப் படம்பிடிக்க முடியாது. அதனால்தான் தொகுப்பாசிரியர் ஒருவர் தேவைப்படுகிறார். பத்து இப்தார் படங்களுக்கு இடையே எதை வைப்பது, தலைப்பில் எதைச் சொல்வது என்பதை அவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

மே 9 ஆம் திகதி

அன்று முற்பகலில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமான அலரி மாளிகையில் கூடிய மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள், மாளிகை வாசலில் இருந்த ‘மைனா கோ கம’ கூடாரங்களை முதலில் அடித்து நொறுக்கினார்கள். பிறகு காலி வீதி வழியே நடந்து திடலுக்கு வந்து அங்கிருந்தவர்களைத் தாக்கிக் கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். மகிந்த அன்றே பிரதமர் பதவியை விட்டு விலகினார். பதிலுக்கு நாடெங்கும் ஆளுங்கட்சி அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். திடலிலோ மக்கள் அன்று மாலையே கம்புகளையும் தறப்பாள்களையும் கொண்டுவந்து மறுபடி கட்டத் தொடங்கினார்கள்.

எரியும் கூடாரத்தின் படம் எங்கும் ஒரேமாதிரியே இருக்கும். அது யாருடைய கூடாரம், உள்ளே என்ன இருந்தது, யார் அங்கே உறங்கினார்கள் என்பதை அந்தத் தீ சொல்லாது. ஏப்ரலில் எடுத்த, அப்போது எவரும் செய்தியாகக் கருதாத சாதாரணப் படங்களே மே 9 க்குப் பிறகு அதைச் சொல்லின. மருந்துப் பெட்டிகள் அடுக்கிய மேசை, அரிசி மூட்டைகள், கையால் எழுதிய பெயர்ப்பலகை, கூடாரக் கம்பில் தொங்கிய சட்டை எல்லாம் இழப்பின் பட்டியலாக மாறின. அன்றாடப் படத்தை எடுப்பவர் தன்னையறியாமல் ஒரு சாட்சியத்தைத் தயார்செய்கிறார் என்பதற்கு இந்நிகழ்வில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கஞ்சி

மே 18 ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது; கஞ்சி வழங்கப்பட்டது. 2009 இல் போரின் கடைசி மாதங்களில் வன்னிக் கடற்கரையோரத்தில் சிக்குண்டிருந்த மக்கள் உயிர்தாங்கிய உணவு அது. போர் வெற்றி விழாக்களைக் கண்ட தலைநகரின் கடற்கரையில், ராஜபக்சக்களை எதிர்க்கும் சிங்களவர் நடுவில் அது கைமாறியதை அதற்குமுன் எவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

படமாகப் பார்த்தால் அங்கே புதிதாக எதுவுமில்லை. பெரிய பாத்திரம், அகப்பை, கோப்பை நீட்டும் கைகள். அந்த முகாமில் ஒவ்வொரு வேளையும் கண்ட காட்சிதான். அந்தப் படம் என்ன என்பதை முழுக்க முழுக்கத் தலைப்பே தீர்மானிக்கிறது. ‘போராட்டக்காரர் உணவு பகிர்கின்றனர்’ என்று எழுதினால் பொய்யில்லை. ‘போரில் இறந்தோர் நினைவுகூரப்படுகின்றனர்’ என்று எழுதினாலும் பொய்யில்லை. முள்ளிவாய்க்கால் என்ற ஊர்ப்பெயரும் 2009 என்ற ஆண்டும் கஞ்சி ஏன் என்ற ஒரு வரியும் இல்லாவிட்டால், படத்தில் நடப்பது இன்னதென்று பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். அன்றாடத்தை ஆவணப்படுத்துவோர் தலைப்பெழுதுவதைக் கடைசி நேர எழுத்தர் வேலையாக நினைப்பதுண்டு. இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டே அந்த நினைப்பை மாற்றிவிடலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஒரே தகவல் இருக்கிறதா என்று ஒப்பிடுவதும் அந்த வேலையில் அடங்கும். ஒரு மொழியில் உள்ள ஊர்ப்பெயர் இன்னொரு மொழியில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் தற்செயலாக இருப்பதில்லை.

மாளிகைக்குள் நுழைந்த அன்றாடம்

ஜூலை 9 ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். உலகம் பார்த்த படங்கள் நீச்சல் குளத்தில் குளித்தவர்களுடையவை, கட்டிலில் படுத்துப் பார்த்தவர்களுடையவை, உடற்பயிற்சி இயந்திரத்தில் ஓடியவர்களுடையவை, சமையலறையில் சாப்பிட்டவர்களுடையவை. மூன்று மாதங்களாகத் திடலில் செய்துவந்ததையே அவர்கள் அங்கும் செய்தார்கள். இடம் மட்டும் மாறியிருந்தது. வெளிநாட்டுச் செய்தியாளருக்கு அது சிரிப்பூட்டும் காட்சி. மக்கள் வரிசையில் நின்று மாளிகையைப் பார்த்துச் சென்றதும், உள்ளே கண்டெடுத்த ஒரு கோடியே 78 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பணத்தைப் போராட்டக்காரர் எண்ணிப் பொலிஸாரிடம் ஒப்படைத்ததும் அதே நாட்களின் படங்களில் உண்டு. ஜூலை 9 இரவு, அப்போது பிரதமராயிருந்த ரணில் விக்கிரமசிங்கவின் தனிப்பட்ட வீட்டுக்கு வெளியே நியூஸ்பெஸ்ட் ஊடகவியலாளர்களை விசேட அதிரடிப் படையினர் தாக்கியது நேரலையிலேயே பதிவானது. கோட்டாபய ஜூலை 13 அதிகாலை மாலைதீவுக்குப் போனார். சிங்கப்பூரிலிருந்து 14 ஆம் திகதி பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார்.

ஒரு வாரத்துக்குள் நிலைமை தலைகீழானது. ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. அதன்பின்னர் அதே சிரிப்புப் படங்களைப் பொலிஸார் வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஜனாதிபதியின் உத்தியோகபூர்வக் கொடிகளைப் படுக்கை விரிப்பாகவும் சாரமாகவும் பயன்படுத்திய ஒருவர் சமூக ஊடகத்தில் வெளியான காணொளியைக் கொண்டு தேடிப் பிடிக்கப்பட்டார். மாளிகையிலிருந்து பியர் குவளையொன்றை எடுத்துச் சென்றார் என்று இன்னொருவர் கைதானார். காணொளிகளிலிருந்து எடுத்த முகங்களை வெளியிட்டு, இவர்களை அடையாளம் காட்டுங்கள் என்று பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். படுத்ததும் உடுத்ததும் குடித்ததும் குற்றப்பத்திரிகையின் விடயங்களாயின. அப்படங்களில் பலவற்றை எடுத்து வெளியிட்டவர்கள் அதில் இருந்தவர்களின் நண்பர்கள் அல்லது அவர்களே.

ஜூலை 22 ஆம் திகதி அதிகாலை ஒரு மணியளவில், தாம் கைப்பற்றியிருந்த செயலகக் கட்டடத்தை விட்டுப் பிற்பகலில் விலகுவதாகப் போராட்டக்காரர் ஏற்கெனவே அறிவித்திருந்த நிலையில், நூற்றுக்கணக்கான படையினரும் பொலிஸாரும் திடலுக்குள் இறங்கிக் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். பலர் காயமடைந்தனர், பலர் கைதாகினர். அங்கு சென்ற பிபிசி குழுவைச் சேர்ந்த ஒருவரை இராணுவத்தினர் தாக்கினார்கள். படைவீரர் ஒருவர் அவருடைய கைத்தொலைபேசியைப் பறித்து அதிலிருந்த காணொளிகளை அழித்ததாக பிபிசியே தெரிவித்தது. இரண்டு வாரங்களுக்குள் நடந்த இந்த இரண்டு செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்: மக்களைக் காட்டும் காணொளிகளை அரசு சேகரித்தது, தன்னைக் காட்டும் காணொளிகளை அழித்தது.

எடுப்பவர் தீர்மானிக்க வேண்டியவை

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், ஏப்ரலில் பெற்ற சம்மதம் ஓகஸ்டுக்குச் செல்லுமா என்பதே மையமான சிக்கல். ஏப்ரலில் ‘எடுங்கள் அண்ணா, முகம் தெரியட்டும்’ என்று சொல்லக்கூடிய ஓர் இளைஞர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குப் பயமில்லை. ஓகஸ்ட் 18 ஆம் திகதி அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே கைதுசெய்யப்பட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டபோது, அதே இளைஞரின் பதில் வேறாக இருந்திருக்கும். ஆகவே சம்மதத்தை ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்க முடியாது. ஆட்சி மாறும்போது, சட்டம் ஒன்று பிரயோகிக்கப்படும்போது, படம் புதிய இடத்தில் வெளியாகும்போது மறுபடி கேட்கவேண்டும். கேட்க ஆளைத் தேட முடியாவிட்டால் வெளியிடாமல் வைத்திருக்கவேண்டும்.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அன்றாடப் படத்தில் அது எளிதில் தோற்றுப்போகும். பச்சை குத்திய கை, சட்டையில் உள்ள எழுத்து, பக்கத்தில் இருக்கும் நண்பர், பின்னால் தெரியும் கூடாரத்தின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். அதே ஆள் அதே சட்டையோடு மங்கலாக்காத இன்னொரு படத்தில் நின்றிருந்தால் வேலை முடிந்தது. முகத்தை மறைக்கவேண்டிய படத்தை முதலிலேயே முகமில்லாமல் எடுப்பது நல்லது. கைகள், முதுகுகள், பொருள்கள் ஆகியவற்றால் ஒரு சமையலறையின் முழு ஒழுங்கையும் சொல்லிவிட முடியும். அப்படி எடுக்கப் பழகியவரின் படங்கள் பெரும்பாலும் மேலானவையாகவும் இருக்கின்றன.

கோப்புக்குள் மறைந்திருக்கும் தகவல்களும் உண்டு. கைத்தொலைபேசியில் இட அறிதல் வசதி இயங்கும்போது எடுத்த படம் நேரத்தையும் இடத்தையும் தன்னோடு சுமக்கும். வாட்ஸ்அப்பில் வழமையான படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். பத்திரிகைக்குப் படம் அனுப்பும் பலர் இரண்டாவது வழியையே நாடுவதால் இதை இங்கே குறிப்பிடவேண்டியிருக்கிறது. மூலப்படத்தை இந்தத் தகவல்களோடு பாதுகாப்பான இடத்தில் வைத்திருப்பதும் அவசியம். மே 9 போன்ற ஒரு நாளுக்குப் பிறகு, படம் எப்போது எங்கே எடுக்கப்பட்டது என்று நிறுவ அதுவே உதவும். வெளியே போகும் பிரதியும் உள்ளே இருக்கும் மூலமும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்பதுதான் வழி.

வடக்கின் கொட்டகைகள்

மேலே சொன்னவற்றை எல்லா முகாம்களுக்கும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு, அதே தீவில் அதைவிடப் பழைய முகாம்கள் சில இருக்கின்றன. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே ஏ9 வீதியோரம், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். வவுனியாவில் அதே மாதம் 24 ஆம் திகதியும், மார்ச் மாதத்தில் முல்லைத்தீவு, திருகோணமலை, மருதங்கேணி ஆகிய இடங்களிலும் அது தொடர்ந்தது. கேப்பாப்பிலவில் காணி கேட்டு விமானப்படை முகாமுக்கு முன்னால் குடும்பங்கள் ஜனவரி இறுதியில் தொடங்கிய இருப்பு, ஒரு மாதத்தில் பிலக்குடியிருப்புக் காணிகளை மீட்டுக் கொடுத்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுக்கு அத்தகைய முடிவு கிட்டவில்லை. காலிமுகத்திடலிலிருந்து எஞ்சியோர் விலகிய இரண்டாம் நாள், 2022 ஓகஸ்ட் 12 அன்று, கிளிநொச்சிப் போராட்டம் தன் 2,000 ஆவது நாளை அடைந்தது. அதற்குள் தேடிக்கொண்டிருந்த தாய்மார் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

அங்கே எடுக்கப்பட்ட படங்களை வரிசையாக வைத்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஒரு தாய், அவர் மார்போடு பிடித்திருக்கும் மகனின் படம். ஒளிப்படக் கலைஞர்களின் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தாய்மாரே அப்படி நிற்பதைத் தேர்ந்தார்கள், ஏனெனில் அந்தப் படமே அவர்களின் வழக்கு. ஆனால் கொட்டகைக்குள் முறைவைத்து உறங்கியதும், தேநீர் போட்டதும், மருந்து வில்லைகளை எண்ணியதும், மழைக்குத் தறப்பாளை இழுத்துக் கட்டியதும் மிகக் குறைவாகவே ஆவணமாகியிருக்கின்றன. காலிமுகத்திடலுக்கு நான்கு மாதங்களில் கிடைத்த அன்றாடப் பதிவில் ஒரு சிறு பங்குகூட அந்தக் கொட்டகைகளுக்கு இத்தனை ஆண்டுகளில் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். தலைநகரில் இல்லை, மொழி வேறு, நாள்தோறும் புதிதாக எதுவும் நடப்பதில்லை என்பவை காரணங்களாக இருக்கலாம். மூன்றாவது காரணமே அன்றாடப் படத்துக்கான மிகப் பெரிய காரணமாகவும் இருந்திருக்கவேண்டும்.

அங்கே வேறொரு கமராவும் தொடக்கம் முதல் இருந்தது. புலனாய்வாளர்கள் வந்து அமர்ந்திருப்பவர்களைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துச் செல்வதை உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் பல தடவை முறையிட்டிருக்கிறார்கள். கொழும்பு இளைஞர் 2022 ஓகஸ்டில் கற்றுக்கொண்டதை இந்தத் தாய்மார் முதல் நாளிலேயே அறிந்திருந்தார்கள். அறிந்தபின்னும் முகத்தை மறைக்க மறுத்தார்கள். திடலில் முகத்தைத் தவிர்ப்பது அங்கிருந்தவருக்குக் காப்பு. கிளிநொச்சியில் அதைச் செய்தால், காணாமல் போனவரை மட்டுமல்லாமல் தேடுகிறவரையும் காணாமல் ஆக்கியதாக முடியும். கொட்டகையின் உட்புறம் முழுவதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் தொங்குவதால், அங்கே தேநீர் ஆற்றும் ஒரு பெண்ணை எடுத்தாலும் பின்னால் பல முகங்கள் வந்துவிடும். அந்த முகங்கள் கூர்மையாகத் தெரியும்படி குவியத்தை ஆழப்படுத்தி எடுப்பதும், தெரிந்த பெயர்கள் அனைத்தையும் தலைப்பில் எழுத உறவினர்களைக் கேட்பதும், எழுதக்கூடாது என்று ஒரு குடும்பம் சொன்னால் அந்தப் பெயரை விடுவதும் அங்கே செய்யவேண்டிய வேலை.